வாறன் என்று சொன்ன பிழை

டண்டினொங்
14.08.2024

அன்பு மகள் டில்ஷாவுக்கு,

மடுமாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது குளிர் போனால் சரிவரும். நீ வேலை செய்யும் தீவில் காற்று கூட என்றாய், காதை மூடித் தொப்பி போடு. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தில் நிற்பா, எனக்கு வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் நீ குட்டியிலிருந்து வளர்த்து, பழக்கச் சொல்லி எங்களிடம் விட்டுப்போன நாய் பிறவுணியைப் பற்றியது. அங்கே பறவைகளைத் தின்று காட்டில் திரியும் பூனை மரத்தில் ஏறினால் இவன் அடியிலேயே நின்று, நீங்கள் அதைப் பிடிக்க வந்து சேரும்வரை குரைக்க வேண்டும், மாத முடிவுக்குள் பத்து நிமிடம் நின்று காட்டாவிட்டால் உங்கள் அலுவலகம் வேறு நாய் எடுக்கும், இவன் எங்களோடுதான் என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுச் சிவகௌரி அன்ரி கூன்ஹவுண்ட் என்ற இவன் சாதிப் பெயரைக் கேட்டுவிட்டு, முதுகு நேராத்தானே கிடக்கு, கூன் எங்க எண்டு தடவித் தடவிப் பார்த்தா. என்னோடு வெயார்ஹவுசில் வேலை செய்த கீர்த்தனனுக்குப் பக்கன்ஹாமில் காணி இருக்கிறது, ஞாயிறு பூசை முடிய அங்கேதான் பழக்கம். பூனை படுத்த துணியை யூக்கலிப்டஸ் கிளையில் கட்டிவிடுவேன், இவன் மோப்பம் பிடித்து ஓடி, முன்னங்கால் இரண்டையும் மரத்தில் வைத்து ஊரைக் கூட்டுவான். நான் நாலடி நடந்தால் போதும், குரைப்பை விட்டுவிட்டு வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்துவிடுவான். ஒன்றரை மாதமாக இதே கூத்து. கடைசியில் அம்மாதான் ஒரு நாள் என்னோடு வந்து பார்த்துவிட்டு, போயிட்டு வாறன் எண்டு நீங்கள் சொன்னால் அது வராமல் என்ன செய்யும் எண்டு கேட்டா. உண்மைதான். வெளிக்கிடும்போது போறன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அச்சானியம் அல்லவா. நீ அவனைக் கூப்பிடப் பழக்கிய சொல்லோ வா, வாறனிலும் அவனுக்கு அதுதான் கேட்கும்.

இனி மறைக்காமல் சொல்லுகிறேன் பிள்ளை. பிழை தெரிந்த பிறகும் அடுத்த இரண்டு ஞாயிறும், அம்மா கூட வராதபடியால், வேண்டுமென்றே வாறன் என்றுதான் சொன்னேன். அவன் தேறாவிட்டால் இங்கே நிற்பான், அவனைப் பார்க்கவாவது நீ அடிக்கடி வருவாய் என்று ஒரு நப்பாசை. போன வியாழன் நீ போனில், தனிய இருந்து சாப்பிடப் பிடிக்கேல்லை அப்பா, பிறவுணி வந்தால் சரி எண்டாய். அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

நேற்று லீவு போட்டுவிட்டுப் போய், அவன் முகத்தைப் பார்க்காமல் போறன் என்று சொன்னேன். கேற்றுக்கு வெளியே காரில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினாலு நிமிடம், குரல் ஓயவே இல்லை. கீர்த்தனன் கைதட்டினார், நான் அழுதேன்.

ஆகவே வந்து கூட்டிக்கொண்டு போ மகள். வரும் நாளைச் சொன்னால் அம்மா மீன் கட்லட் பொரித்து வைப்பா. மாதா உன்னைக் கைவிடமாட்டா, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, மரத்தடியில் விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் அவனைக் கூப்பிட்டு எடுக்காதே, நீயே திரும்பி நடந்து போய்த் தடவிக்கொடு. நீ வருவாய் என்று நம்பித்தான் அவன் அங்கே நிற்கிறான்.

அன்புள்ள அப்பா
பேர்னாட்