விலாங்கு கொடுத்து வாங்கிய கல்

மாப்பிள்ளை,

குற்றாலநாதர் சாட்சியாக, ஐந்தருவியின் ஐந்து கிளையும் சாட்சியாக, மிச்சமிருக்கும் என் கடைவாய்ப் பல்லும் சாட்சியாக உனக்கு ஒரு கதை எழுதப்போகிறேன். ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். ஆனால் செத்துப்போன நீ எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது என்பது எனக்கொரு வசதி.

இன்று காலை உன் வீட்டுக்காரி என் லாட்ஜுக்கு வந்தாள். கையில் பழைய பிஸ்கட் டப்பா. "அண்ணாச்சி, அவுக மேசைக்குள்ள இருந்துச்சு. மூடியில உங்க பேரு எழுதியிருக்கு" என்றாள். திறந்தேன். முதலில் தேக்குத் தூள் வாசனை; உன் சட்டையின் வாசனை. அடியில் ஒரு போட்டோ. அதைப் பார்த்ததும் என் கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்து உடைந்த சத்தத்தில், மூன்றாம் மாடியில் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

அந்த வெள்ளைக்காரத் தாத்தாவை உனக்கு நினைவிருக்கும். ஒரு சாரல் காலத்தில் என் லாட்ஜில் தங்கியவர். இங்கிலாந்தில் தன் ஊரான ஈலியில் இருக்கும் பேராலயத்தின் வரலாற்றைக் கையைக் காலை ஆட்டி எனக்குச் சொன்னார். என் இங்கிலீஷுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நானே கட்டி முடித்து, செங்கோட்டை ரோட்டில் இருந்த உன் மரக்கடைக்குக் கொண்டுவந்தேன்.

சதுப்பு நிலத்து நடுவே ஊர். கல் கிடையாது, விலாங்கு மீன் மட்டும் எக்கச்சக்கம். விலாங்கைக் கொடுத்துக் கல் வாங்கிப் பேராலயம் கட்டினார்கள். ஏறக்குறைய எழுநூறு வருடத்துக்கு முன் நடுக்கோபுரம் சரிந்து விழுந்தது. பூகம்பம் என்று நினைத்துச் சாமியார்கள் ஓடினார்கள். பிறகு அந்த ஓட்டைக்கு மேலே எட்டுப் பட்டையாக மரத்தாலேயே ஒரு கோபுரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். எட்டுத் தூணுக்கும் போதுமான நெட்டை மரம் தேடி நாடு முழுக்க அலைந்தார்கள். மரத்தை இழுக்க நம் பொதிகையிலிருந்து நானூறு யானை கப்பலேறிப் போனது.

எந்த மரத்தடியையும் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே பொந்து விழுந்து பொள்ளலாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறவன் நீ. அன்று எழுந்து வந்து என் நெற்றியில் மூன்று தட்டுத் தட்டினாய்.

"பொள்ளல். முழுப் பொள்ளல். ஏலே, நம்மூரு காசி விசுவநாதர் கோயில் கோபுரம் பிளந்து நின்னதைச் சின்னதுல பாத்தவந்தானலே நீ? அதை மரத்தை வச்சா கட்டுனாவ? மரத்தைப் பத்தி எங்கிட்டயே புளுகுத!"

"நெசம்லே!"

"யானையுமா?"

"யானைதாம்லே முக்கியம்."

அங்கேதான் சறுக்கினேன். பந்தயம் கட்டினோம். தோற்றவன் ஐந்தருவியில் நின்று "நான் தோத்துட்டேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். தாத்தா ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் சாட்சி இல்லை. சீசன் கூட்டத்தில் என்னை நிறுத்திக் கத்த வைத்தாய். உடம்பெல்லாம் எண்ணெயோடு வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து தென்காசி முழுக்க என் பெயர் 'விலாங்கு'. என் வாயிலிருந்து வரும் உண்மைக்கும் மதிப்புப் போயிற்று. நெஞ்சு வலிக்கிறது என்று நான் சொன்ன அன்றுகூட எல்லோரும் சிரித்தார்கள். நீ ஒருவன்தான் ஆட்டோ பிடித்தாய்.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் உன் மகளைப் பார்க்கப் போய் வந்தாய். எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, "குளிரு. ரொட்டி. வேற ஒண்ணுமில்ல" என்றாய். போட்டோவில் நீ குரங்குக் குல்லாயோடு நிற்கிறாய். பக்கத்தில் ஒரு மாபெரும் மரத்தூண். அதன்மேல் உன் விரல் முட்டி. பின்பக்கம் உன் கோணல் எழுத்து: "மரம் நெசம். விலாங்கும் நெசம். யானை மட்டும் புளுகு."

விலாங்கும் நிஜமா! அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நானே இத்தனை காலம் நம்பியிருந்தேனே!

"தட்டிப் பாத்ததுக்கு அங்கன காவலுக்கு நின்ன அம்மா அதட்டுனாளாம், அண்ணாச்சி" என்றாள் உன் வீட்டுக்காரி. "'அந்தப் பயகிட்ட சொன்னா ஊரைக் கூட்டிருவான், மெதுவா சொல்லிக்கிடுதேன்'னாக. அதுக்குள்ள..."

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி இறங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த கையோடு, பங்குனி வெயிலில் என்னை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாயே! பாறை காய்ந்து கிடந்தது. ஈ காக்கை இல்லை. வேட்டி சட்டையோடு பாறையடியில் போய் நின்று வாய்க்குள்ளேயே எதையோ சொன்னாய். நான் குரங்குக்குப் பயந்து கடலைப் பொட்டலத்தை மடியில் ஒளித்தபடி, "என்னலே முணுமுணுக்க?" என்று கேட்டேன்.

"சாமி கும்பிடுதேம்லே."

அடக் களவாணி! தண்ணீர் இல்லாத மாதமாகப் பார்த்து, ஆளில்லாத அருவியில் பந்தயத்தைக் கழித்துவிட்டாயே!

இன்று மத்தியானமே ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். "மாப்பிள்ளை தோத்துட்டான்" என்று நான் போட்ட கூப்பாட்டில் அருவி மேல்நோக்கி ஓடிற்று. கேரள எல்லையில் இருக்கும் புளியரைவரை பஸ்கள் நின்றுவிட்டன.

புளுகு, மாப்பிள்ளை. டீ கிளாஸும் உடையவில்லை. கூப்பாடும் போடவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் தண்ணீருக்குள் கையை விட்டு, அன்று நீ நின்ற இடத்துப் பாறையை விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டிக் காதை வைத்தேன். பின்னால் நின்றவன், "பெரியவரே, நகருங்க" என்றான். நகர்ந்துவிட்டேன்.

அந்த மூன்று தட்டு மட்டும் உண்மை.