முன்னூறு பவுண்டு குறைந்த டிராக்டர்

டோய்வோலா, மிச்சிகன்
ஜனவரி 21

அன்புள்ள வைனோவுக்கு,

உங்கள் எல்மா எழுதுவது. இடுப்பு வலி கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் காதுக்குக் கேட்கும்படி நான் கத்தினால் அந்த வார்டு முழுவதற்கும் நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் எழுதியது சனிக்கிழமை வந்தது. டிராக்டரை ரூடிக்கு விற்றுவிடு, நான் ஏப்ரல் வரை முதியோர் இல்லத்தில் இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து உங்களைக் கவனிக்க வேண்டிய நர்ஸின் கார் மேடேறி நம் வாசல் வரை வர முடிந்தால் திங்கட்கிழமை உங்களை வீட்டுக்கு அனுப்புவோம், முடியாவிட்டால் இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உண்மை. பாதையில் இடுப்பளவு பனி கிடந்ததும் உண்மை. அதற்காக நான் முயன்று பார்ப்பதற்கு முன்பே தோற்றுவிட்டதாக முடிவு கட்டிவிடுவதா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், மேட்டடியில் நின்ற டிராக்டரில் ஏறினேன். பத்தடி போனதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பாரம் போதவில்லை என்று புரிந்தது. பெரிய புத்திசாலியாட்டம் பனி அள்ளும் முன்வாளியில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினேன். கேட்க வேண்டுமா? வண்டி பின்பக்கமாகவே சறுக்கி, தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. எனக்கு ஒன்றும் இல்லை, பெட்டிதான் போயிற்று.

எதிர் வீட்டிலிருந்து ரூடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தான். “மூக்குல கல்லக் கட்டுனா வால் தூக்காம என்னக்கா செய்யும்? இத்தன வருசமா மேடு ஏறுனது வண்டியோட சாமர்த்தியம்னா நெனச்சீங்க? அண்ணன் முன்னூறு பவுண்டு. அவரு உக்காந்தா பின்சக்கரம் தரையக் கவ்வும். நீங்க உக்காந்தா குருவி உக்காந்த மாதிரிதான்” என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் நீங்கள் இல்லாதது ரொம்பவும் உறைத்தது.

மேடு ஏறாவிட்டால் வண்டி தனக்கு, ஏறிவிட்டால் தினமும் ஏலக்காய் ரொட்டி தனக்கு என்று பந்தயம் கட்டினான். எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத்தான் லாபம். ஆனாலும் நல்லவன். அவனே பீப்பாய் கொண்டுவந்து பின்டயர்களுக்குள் பீட்ரூட் சாற்றை ஏற்றினான். தண்ணீரைவிடக் கனம், இந்தக் குளிரிலும் உறையாதாம். அப்புறம் டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. சங்கிலி கோழைகளின் நகை என்பீர்கள். நான் கோழையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். புல் வெட்டுவதற்கென்று வாங்கிய வழவழப்பான டயர் அது. பனியைக் கடிக்க அதற்குப் பல் வேண்டாமா? சங்கிலியைத் தரையில் விரித்து, வண்டியை அதன் மேல் ஏற்றி, இழுத்து மாட்டினேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்கினேன்.

பாரத்துக்காகப் பின்னால் மாட்டும் இரும்புப் பெட்டியை நிரப்பக் கல் தேவைப்பட்டது. வெளியே உள்ள கல்லெல்லாம் நாலடிப் பனிக்கு அடியில். இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். நம் நீராவிக் குளியலறையின் சவுனா அடுப்பிலிருந்து கற்களை எடுத்துவிட்டேன். ஆமாம், கல்யாணமான வருஷம் ஏரிக்கரையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நீங்கள் பொறுக்கி வந்த அதே கற்கள்தான். ரூடி மிரண்டு போனான். “அக்கா, இது அடுக்குமா? சவுனா கல்லுல கை வச்சவங்க உருப்பட்டிருக்காங்களா?” என்றான். வியர்க்க வியர்க்கக் குளிக்க ஆள் இல்லாத வீட்டில் அடுப்புக்குக் கல் எதற்கு என்று கேட்டேன். அவனும் ஒரு கல்லைத் தூக்கினான்.

இன்று காலை ஏறினேன், வைனோ! பிர்ச் மரத்து வளைவில் ஒரு தரம் வழுக்கியது. உடனே சங்கிலி பிடித்துக்கொண்டது. பனியை இருபுறமும் தள்ளித் தள்ளி, ஏழு தடவை ஏறி இறங்கினேன். கடைசித் தடவை உச்சியில் நின்று, ஊரே கேட்கும்படி கூவினேன். கீழே ரூடி தொப்பியை வானத்தில் வீசி ஆடினான்.

மதியம் நர்ஸை வரச் சொன்னேன். அந்தச் சின்னக் கார் எங்கும் நிற்காமல் வாசலுக்கு வந்து, திரும்பியும் காட்டியது. “டவுன்லகூட இவ்ளோ சுத்தமா ரோடு இல்லீங்களே, யாரு தள்ளுனது?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், பாதை சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இனி இல்லத்தில் சேர்வதற்கான தாளை உங்களிடம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களைத் தூக்கி உட்கார வைக்கவும் நடக்க வைக்கவும் என்னால் முடியுமா என்ற பயத்தில்தான் அங்கே போகிறேன் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? என்னால் எது முடியும் என்று நம் மேட்டைக் கேட்டுப் பாருங்கள், அது சொல்லும்.

நாற்பத்தாறு வருஷத்தில் உங்களிடம் எதற்கும் நான் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். வானம் கொட்டுகிற அளவுக்குக் கொட்டட்டும், நான் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழித்துணையாகக் கடவுள் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள்,
எல்மா