தவ்லத்தின் வெள்ளைக் கோடு

1976 பிப்ரவரி 9, அலெக்சாண்ட்ரியா

தவ்லத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. எனக்கு விழவில்லை.

ஒரே ஆய்வகம், ஒரே கூண்டு முயல்கள், இருவரும் பங்கு போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளின் ரத்தம். அந்த ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை முயலுக்கு ஏற்றி, முயல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை எடுத்து, ஜெல்லித் தட்டில் இரண்டையும் எதிரெதிர்க் குழிகளில் விட வேண்டும். முயல் அடையாளம் கண்டுகொண்ட புரதம் இருந்தால் நடுவில் வெள்ளைக் கோடு விழும். ஆண்களின் சீரத்தால் பொதுவானதையெல்லாம் கழித்த பிறகும் அவள் தட்டில் ஒரு கோடு மிச்சம் நிற்கிறது. இதுவரை யாரும் பெயர் வைக்காத புரதமாக இருக்கலாம்.

பேராசிரியர் ருஷ்தி பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. "நாதிரா, வந்து பாருங்க! தலைமுடி மாதிரி என்ன அழகா விழுந்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வயிறு எரிந்தது.

பிப்ரவரி 10

அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு இரண்டு பையன்கள். இதையா நினைத்துக்கொள்வது என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நேற்றிரவு இதை நினைத்துத்தான் தூங்கினேன்.

பிப்ரவரி 23

ஏப்ரலில் கெய்ரோ மாநாட்டில் கோட்டைப் பற்றி அவள் பேசப்போகிறாள். அதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. கர்ப்பம் இல்லாத பெண்களின் ரத்தத்தில் அந்தக் கோடு விழவே கூடாது. விழுந்தால் அது கர்ப்பத்தின் புரதம் இல்லை, கதை முடிந்தது.

"சோதிக்கிறது நாதிரா. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடக்கூடாது" என்றார் பேராசிரியர்.

என் கையில் கொடுத்திருக்கிறார். விழட்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளாமலும் இல்லை.

மார்ச் 4

துறையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் கையை நீட்டி ரத்தம் கொடுத்தோம். தவ்லத் மட்டும் கடைசிவரை ஏதோ வேலை இருப்பதுபோல் குழாய்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, ஊரு ரத்தத்தை எல்லாம் எடுக்குற, உனக்கு ஊசின்னா பயமா?" என்று சீண்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள்.

மார்ச் 7

கோடு விழுந்திருக்கிறது! எங்கள் எல்லோருடைய சீரத்தையும் கலந்து வைத்த தட்டில், மங்கலாக, ஆனால் கோடுதான். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்பூஸா இனிப்பு வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றான் பெரியவன். "சும்மா" என்றேன்.

மார்ச் 8

எல்லோர் முன்னாலும் தட்டை வைத்தேன். பேராசிரியர் முகம் தொங்கிவிட்டது. கெய்ரோவுக்கு என்னுடைய ஹார்மோன் அளவெடுப்பு வேலையே போகட்டும் என்றார்.

தவ்லத் சண்டை போடுவாள் என்று பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாசல் காவலாளியோடுகூட வார்த்தைக்கு வார்த்தை நிற்பவள். "சரி. அப்ப அது இல்ல போல" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 9

ஏன் சண்டை போடவில்லை? ஜெயித்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சமிருந்த சீரங்களை ஒவ்வொருவருடையதாகத் தனித்தனிக் குழியில் விட்டு வைத்தேன்.

மார்ச் 11

ஒருத்தியின் சீரத்தில் மட்டும் கோடு. தவ்லத்.

பொரித்த மீனை அவள் தள்ளி வைத்ததும், பையில் எப்போதும் உப்பு பிஸ்கட் இருந்ததும், அவள் கழற்றாத அந்தத் தொளதொள ஆய்வக அங்கியும்... இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது தெரியவில்லையே. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கை நீட்டினாள். மறுத்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் உண்டானபோது முதலில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது நான். அடுத்த வாரம் கலைந்துபோனது. "அந்த நாதிராவோட கண்ணு" என்று அவள் மாமியார் சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்தது. நான் சிரித்தேன். தவ்லத் படித்தவள், நம்பமாட்டாள் என்று இருந்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று தன் புரதத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாளே! என் கண் என்ன, பாம்பா?

அது மட்டுமா? கோடும் அவளுடையது, குழந்தையும் அவளுடையது. எனக்கென்று வைத்திருந்த ஒரே ஆறுதலும் போயிற்று.

மார்ச் 12

வாயைத் திறக்காமல் இருந்தால் கெய்ரோ எனக்கு. உண்மையைச் சொன்னால் ஆய்வகமே அவளைக் கட்டிப்பிடிக்கும். அவள் எதற்குப் பயந்தாளோ அதையே நான் செய்ததாகும்.

நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? என் கண் என்றுதானே சொல்வார்கள். நானும் அப்படித்தானே நினைப்பேன்.

மார்ச் 13

பேராசிரியரிடம் போய், கலக்கும்போது கர்ப்பிணிகளின் குழாய் ஒன்றைத் தவறிச் சேர்த்துவிட்டேன் என்றேன்.

"பத்து வருஷமா குழாய் புடிக்கிறவ பண்ற தப்பா இது? இனிமே நானே பாத்துக்குறேன், நீங்க முயலுக்குப் புல்லு போடுங்க!"

தவ்லத் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மார்ச் 21

வேறு மருத்துவமனைப் பெண்களின் ரத்தத்தில் பேராசிரியரே சோதித்தார். கோடு இல்லை. தவ்லத் கெய்ரோ போகிறாள்.

ஏப்ரல் 20

இங்கே புழுதிக் காற்று. அங்கே அவளுக்குக் கைதட்டல். கட்டுரையில் என் பெயர் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பொய். எதிர்பார்த்தேன்.

ஜூன் 2

தவ்லத்துக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் தரையைப் பார்த்து வாழ்த்தினேன். தொட்டியருகே தனியாக நின்றபோது கேட்டாள்:

"குழாய் மாத்திப் போடுறவளாடி நீ?"

"வயசாகுதுல்ல."

அக்டோபர் 6

பெண் குழந்தை. இன்று ஏழாம் நாள் விருந்து. போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். போனேன்.

திருஷ்டி கழிக்க அவள் மாமியார் காகிதத்தில் பொம்மை வெட்டி, கண் வைத்தவர்கள் பேரைச் சொல்லிச் சொல்லி ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். "கீழ் வீட்டு ஸகிய்யா கண்ணுக்கு... தையக்காரி கண்ணுக்கு..." என் பக்கம் திரும்பியதும் ஊசி நின்றது.

"அவ பேரு வேணாம் அத்தை" என்றாள் தவ்லத்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குழந்தைக்கு அவளுடைய அதே புருவம். சுவரில் கெய்ரோவில் எடுத்த படம். சத்தியமாக வயிறு எரிந்தது.

"குத்துங்க அத்தை. ரெண்டு குத்தாவே குத்துங்க. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு கோட்டுக்கு."

"எந்தக் கோட்டுக்கு?" என்றாள் கிழவி. தவ்லத் பிரசவத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். கிழவி புரியாமலே இரண்டு முறை குத்தி, பொம்மையைச் சாம்பிராணித் தணலில் போட்டாள்.

அது எரிந்து முடிந்ததும் தவ்லத் குழந்தையை என் மடியில் வைத்தாள். நல்ல கனம்.