குஸ்காவுக்குப் போட்ட கையெழுத்து

புதுப்பட்டினம்,
அக்டோபர் 12

அன்பு மகன் ஸ்டான்லிக்கு அப்பா எழுதுவது. கல்யாண மண்டபக் கூட்டத்தில் குஸ்கா பொட்டலம் வாங்க நாங்கள் போட்ட கையெழுத்தை உன் கம்பெனி சம்மதக் கையெழுத்து என்று அறிக்கையில் சேர்த்துவிட்டது, அந்தக் கூட்டத்துக்கு ஆள் கூட்டிவரச் சொன்னது நீ. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். கர்த்தர் கிருபையில் எனக்கு மூச்சு இன்னும் வந்து போகிறது, அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், உன் தங்கை சிநேகா சிறுசேரி ஆபீசுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். ராட்டர்டாமில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளச் சொன்னாள் அம்மா.

அறிக்கையைச் சிநேகாதான் அச்செடுத்துக் கொடுத்தாள். எட்டாவதோடு நின்றவனுக்கு இங்கிலீஷ் எட்டாது என்று யாரும் வருத்தப்பட வேண்டாம், அகராதியை வைத்து இருபது நாளில் முடித்துவிட்டேன். அருமையான திட்டம். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் விடும் கரியமில வாயுவைப் பிடித்து, கொஞ்சம் சோடா கம்பெனிக்குக் கொடுத்து, மிச்சத்தைக் குழாயில் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அழுத்தி, கடலுக்கு அடியில் பாறைக்குள் புதைக்கப் போகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, புகை விட்டவன் அள்ளட்டும். ஆனால் அழுத்தும் நிலையத்துக்கு இடம் பார்த்தீர்களே, அதுதான் அழகு. நம் காலனிக்குப் பின்னால் இருக்கும் மேடு. ஆள் நடமாட்டமில்லாத உயரமான நிலம் என்று எழுதியிருக்கிறது. காலனிக்குள் இடுப்பளவு மழைத்தண்ணீர் வந்தால் நாம் ஏறி உட்காரும் இடம் அதுதான் என்று வெயில் காலத்தில் படம் எடுத்த செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும், பாவம். உனக்குத் தெரியும். மூன்று வயதில் அம்மை கண்டிருந்த உன்னை அங்கேதான் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு நாள் வைத்திருந்தோம். இன்னொன்றும் படித்தேன், அந்த வாயு காற்றைவிடக் கனமாம், வாசனை கிடையாதாம், கசிந்தால் பள்ளத்தில் தேங்குமாம். மேட்டில் வாயு, பள்ளத்தில் நாம். முப்பத்தொரு வருஷம் கேட்டும் நமக்குக் கிடைக்காத பட்டா புகைக்கு ஒரே கூட்டத்தில் கிடைக்கப் போகிறது, நாமும் புகையாகப் பிறந்திருக்கலாம்.

நீங்க சொன்னா தெருவே வரும் நைனா என்று போனில் நீ சொன்னதை நம்பி, வீடு வீடாகப் போய் அறுபத்திரண்டு பேரைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவன், சோறு வாங்கும் நோட்டுதானே என்று முதல் ஆளாகப் போட்டேன். இப்போது அறிக்கையின் ஏழாம் இணைப்பில் இசைவு தெரிவித்தோர் என்று அதே பட்டியல், தலையில் என் பெயர். தப்பு என்னுடையதும்தான். உன் செல்லம்மா அத்தை குழாயடியில் அத்தனை பேர் முன்னால் கேட்டாள், "இன்னா அண்ணாத்த, குஸ்கா துன்னதுக்கே மேட்ட எய்திக் குடுத்துட்டோம், பிரியாணி போட்டிருந்தா வூட்டையும் குடுத்திருப்பமா?" எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். உன்னைக் கேட்டால், "அது டீம் செஞ்சது நைனா, என் கையில இன்னா கீது, மார்ச்சுல ரிவ்யூ வரும்" என்கிறாய். மார்ச்சில் மழை பெய்யாது, மேடும் யாருக்கும் தேவைப்படாது, நல்ல வசதி.

ஆட்சேபனைக்குக் கடைசி நாள் நவம்பர் முப்பது. அதற்குள் ஏழாம் இணைப்பு வெறும் சாப்பாட்டுப் பட்டியல் என்று நீ உன் மேலதிகாரிக்கு எழுத வேண்டும், டீம் பெயரில் அல்ல, உன் பெயரில். நிலையத்துக்கு இடம் குறித்து வரைபடம் போட்ட ஆள் மழை கொட்டும் நாளில் இங்கே வந்து நிற்க வேண்டும், குடை நான் தருகிறேன். அடுத்த கூட்டத்தை உன் கம்பெனி தமிழில், சோறு போடாமல் நடத்த வேண்டும். சிநேகா ஆட்சேபனை மனுவைத் தட்டச்சு செய்ய வேண்டும். நான் அந்த அறுபத்திரண்டு பேர் வாசலிலும் ஏறி மன்னிப்புக் கேட்டு, மனுவை வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும், செல்லம்மா வீட்டிலிருந்து தொடங்குகிறேன். கர்த்தர் முதலில் உன்னையும், அடுத்து மேட்டையும், நேரம் மிஞ்சினால் உன் உத்தியோகத்தையும் காக்க வேண்டும்.

உன் அப்பா,
ஏசுபாதம்