ஆரஞ்சுத் தோலின் வெள்ளை

செல்லக்குட்டிக்கு,

அம்மா இங்கே சுகம். நீ இறந்த பிறகும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா உன் படத்தைத் துடைத்துவிட்டு, அதன் முன்னால் இதை வாசிக்கட்டும்.

நான் வேலை பார்க்கும் வீட்டில் நேற்று பட்டைத்தூளும் ஆரஞ்சுத் தோலும் போட்டு பிஸ்கட் சுட்டோம். தோலைத் துருவச் சொன்னார்கள். தேங்காயில் வெள்ளையைத்தானே துருவுவோம்? அந்தப் பழக்கத்தில் இதிலும் வெள்ளையை விடாமல் துருவிவிட்டேன்.

வீட்டுக்காரம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, “ஐயோ, பிஸ்கட் கேட்டா கஷாயம் போட்டிருக்கியே! வெள்ளை தெரிஞ்சதும் நிறுத்தணும்மா” என்று சிரித்தார்.

மேலே அவ்வளவு வாசனை, அடியில் இவ்வளவு கசப்பா என்று ஆச்சரியப்பட்டு, மிச்சத் தோலைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டுவிட்டது.

அவர் கூப்பிடுகிறார், போக வேண்டும். சுளையெல்லாம் எனக்கு ஊட்டிவிட்டு, “எனக்குத் தோல்தாம்மா பிடிக்கும்” என்று தின்பாயே, உனக்குக் கசக்கவே இல்லையா, குட்டி?