புழுதிக்குள் இறங்கக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு

என் பிரியமான அண்ணே,

உங்கள் மாணவன் ஹம்தான் போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஹெலிகாப்டரை இறக்கினான். அவன் கொண்டுவந்தவர் பிழைத்துவிட்டார். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஊரில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, அமீரகத்தில் அல் ஐன் நகருக்கு வெளியே ஒரு தளத்தில் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தீர்கள். நான் அல் ஐனிலேயே அவசரப் பிரிவு நர்ஸ். ஞாயிறு பூசை முடிந்தால் உங்கள் வீட்டில்தான் எனக்கு மீன்சோறு.

மணலில் இறங்குவதுதான் அங்கே பயங்கரமான பாடம். தரையை நெருங்கியதும் விசிறி கிளப்பும் புழுதியில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்படியொரு பயிற்சியில் ஹம்தான் ஓட்டியது பக்கவாட்டில் நழுவித் தரையில் மோதியது. பக்கத்து இருக்கையிலிருந்த நீங்கள் பாய்ந்து கட்டுப்பாட்டைப் பிடித்ததால் கவிழவில்லை. அவனுக்குக் கை முறிந்தது, உங்களுக்கு முதுகில் அடி. உங்கள் இருவரையும் ஸ்ட்ரெச்சரில் நான்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

இந்தப் பயிற்சியே வேண்டாம் என்றார் ஒரு அதிகாரி. மீட்புக்குக் கூப்பிட்டால் போக ஆள் வேண்டும், உடனே பழையபடி தொடங்குங்கள் என்றார் இன்னொருவர். நீங்கள் இருவருக்கும் தலையாட்டவில்லை. இடுப்பில் பெல்ட்டோடு சாப்பிட உட்கார்ந்த உங்களிடம் நானும் சண்டை போட்டேன்.

“எதாவது ஆனா யாரு அண்ணே பதில் சொல்லுவா? விட்டுருங்க.”

“இப்ப விட்டுட்டா, ஒருத்தன் அடிபட்டுக் கெடக்கிற அன்னைக்குத்தான் இவனுவ முதல் தடவையா புழுதிக்குள்ள எறங்குவானுவ. அது நல்லதா பிள்ள? ஆனா அவசரப்படவும் மாட்டேன்.”

முதலில் சிமுலேட்டர், பிறகு கெட்டித் தரை, அப்புறம்தான் மணல். தரை கண்ணுக்கு மறைந்தால் உடனே மேலே ஏற வேண்டும்; ஏன் ஏறினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. காற்று சரியில்லாத நாளில் பறப்பதே இல்லை. தாமதம் என்று மேலிடம் முணுமுணுத்தது.

ஹம்தானின் அப்பா வீடு தேடி வந்தது நினைவிருக்கிறதா? “கேப்டன் பாய், எனக்கு ஒரே மகன்” என்றார். நீங்கள் அவருக்குத் தெரிந்த உருதுவிலேயே, “அவன் தயாராகலேன்னா நான் அனுப்ப மாட்டேன். ஆனா ஆபத்தே இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றீர்கள். டீயை முடிக்காமலே எழுந்து போனார்.

சொன்னபடியே ஹம்தானை இரண்டு முறை தேர்ச்சி இல்லை என்று நிறுத்தினீர்கள். அவன் உங்களோடு பேசாமல் இருந்தான். மூன்றாம் முறை கையெழுத்திட்டீர்கள். கொஞ்ச நாளில் புற்றுநோய் உங்களைப் படுக்கையில் போட்டது. எங்கள் வார்டிலேயே கண்ணை மூடினீர்கள்.

போன வாரம் வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், பண்ணை லாரி ஓட்டுநர். மணல்மேட்டில் வண்டி உருண்டு நெஞ்சில் அடி. மயக்கம் தெளிந்ததும் சொன்னார்: “ஹெலி கிட்ட வந்திட்டுத் திரும்ப மேல போயிட்டுது தங்கச்சி. என்னை விட்டிட்டுப் போறாங்கள் எண்டு அழுதனான். பிறகு மற்றப் பக்கத்தால வந்து இறங்கினவங்கள்.”

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நடைபாதையில், உடையெல்லாம் மணலோடு நின்ற ஹம்தானிடம் போனேன்.

“தரை மறைஞ்சுது, ஏறிட்டேன்” என்றான் ஆங்கிலத்தில். “கேப்டன் இருந்தா திட்டியிருக்க மாட்டார், இல்லையா?”

“உன்னை நினைச்சுப் பெருமைப்பட்டிருப்பார்” என்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்வானா?

இன்று நான் தலை நிமிர்ந்துதான் இதை எழுதுகிறேன், அண்ணே. உங்கள் பிள்ளைகள் இனியும் போவார்கள், யாரையாவது தூக்கி வருவார்கள். அவர்கள் இறக்கிவைக்கும் ஒருவரையும் வாசலில் காக்கவைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவள்,
செலின்