சிப்பித்துறைப் பள்ளியின் ஐந்து பூட்டுகளைக் கழற்றுமாறு விடுத்த ஓலை

மழை தவறாதிருக்க, துறையை மணல் மூடாதிருக்க, கடலுக்குப் போனவர் அனைவரும் கரையேறுக. வெண்மணல் நாட்டின் கிழக்கு வாயிலும், முத்தும் உப்பும் தந்து இந்நாட்டை வாழவைக்கும் ஊருமாகிய சிப்பித்துறையின் நகர அவையோர்க்கும், அவைத்தலைவர் ஏறன் கொற்றனார்க்கும், ஐந்து வழிபாடுகளின் முதியோர்க்கும், பொதுப்பள்ளி ஆசிரியர்க்கும், குன்றத்தேவரைக் குலதெய்வமாகக் கொண்டு கருங்குன்றக் கோட்டையிலிருந்து ஆளும் அரசி முத்தெழில் நங்கையார் தம் வாழ்த்தை முன்வைத்து விடுக்கும் ஓலை. நீங்கள் கேட்டது ஒன்று, அரசியார் தருவது வேறொன்று. அது ஏன் என்பதை நீங்கள் முழுதும் அறியவேண்டும் என்று அவர் விரும்புவதால், நடந்தது நடந்தபடியே இதில் எழுதப்படுகிறது.

தை மாதத்தில் உங்கள் விண்ணப்பம் கோட்டைக்கு வந்தது. மேற்கடலிலிருந்து வந்து உங்கள் ஊரில் குடியேறிய வணிகர் தங்களுக்கென்று ஒரு வழிபாடு உடையவர், அவர் பிள்ளைகளும் நம் பள்ளியில் பயில்கின்றனர், ஆகவே பள்ளிக்கதவில் அவர்களுக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பூட்டுகளின் வரலாறு அரசியார் அறிந்ததே. அவருடைய பாட்டனார் அப்பள்ளியைக் கட்டிய சில ஆண்டுகளுக்குப் பின், நாளை எந்த ஒரு வழிபாட்டாரும் அதைத் தமதென்று கொள்ளக்கூடாது என அஞ்சி, குன்றத்தேவர் அடியார், துறையம்மையின் மக்கள், நோன்பியர், சுடர்வழியார், மரநிழற் சங்கத்தார் ஆகிய ஐவகையாருக்கும் கதவில் ஆளுக்கொரு பூட்டு வைத்து, திறவுகோல்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஐவரும் வந்து ஐந்து பூட்டையும் திறந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் தம் திருநாளுக்காக வராதுபோனால் அன்று பள்ளி இல்லை. அதுவே மற்றவர் அவருக்குத் தரும் மரியாதை என்று அறுபது ஆண்டுகளாக எண்ணி வந்தோம்.

விண்ணப்பம் நியாயமானது என்று அரசியார் அன்றே கூறினார். அரண்மனைக் கொல்லரைக் கொண்டு வெண்கலத்தில் ஆறாவது பூட்டைச் செய்வித்தார். தாமே வந்து அதைப் பூட்டுவதாகச் சொல்லி, நல்ல நாளாக இருக்கட்டும் என்று மாசி மாதத்துக் குன்றத்தேவர் தேர்நாளையே அதற்குக் குறித்தார். தம் தெய்வத்தின் தேர்நாளில் பள்ளி பூட்டியிருக்கும் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. அவர் பயின்றது கோட்டைக்குள். கோட்டையில் பாடம் சொல்பவர் எந்நாளும் வந்தார். பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. இதை எழுதும்படி அவரே பணித்தார்.

அன்று காலை அரசியாரின் பல்லக்கு பள்ளி முற்றத்தில் இறங்கியபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான்கு பூட்டுகள் திறந்து தொங்கின. ஐந்தாவது பூட்டின் திறவுகோலை வைத்திருக்கும் நெடுங்கண்ணனார் தேர்வடம் பிடிக்கப் போயிருந்தார். முற்றத்தில் ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். விடுமுறை என்று தெரிந்தும் இவர்கள் ஏன் வந்தார்கள் என்று அரசியார் வினவ, அவைத்தலைவர் அரசியாரைக் காணவே வந்தார்கள் என்றார். அப்போது உப்பு படிந்த கால்களோடு பின்வரிசையில் நின்ற ஒரு பெண், அரசியாரைக் காண அல்ல, கதவு திறந்தால் நண்பகற்சோறு கிடைக்குமே என்றுதான் வந்தார்கள் என்று உரத்துச் சொன்னாள். அவள் வெள்ளச்சி. தெற்கு அளத்தில் உப்பு வாருபவள். மூன்று பெண்மக்களின் தாய், கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள்.

அவைத்தலைவர் அவளை அடக்க முயன்றார். அரசியார் கையமர்த்தி அவளை முன்னே அழைத்தார். அவள் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். ஆயினும் அரசியார் அதை மறக்கவில்லை என்பதற்காக இங்கே எழுதப்படுகிறது. இவ்வூர்த் தெய்வங்கள் தங்களுக்குள் ஒருநாளும் சண்டையிட்டதில்லை என்றும், ஐவரும் அத்தனை ஒற்றுமையாகக் கூடித் தன் பிள்ளைகளின் சோற்றுப்பானையைத்தான் கவிழ்க்கிறார்கள் என்றும் அவள் கூறினாள். துறையம்மை தன் தெய்வம், அவளுக்கு மூன்று நாள் விழா எடுப்பதில் தனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மற்ற நால்வரின் விழாவுக்கும் தன் வீட்டில் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறதே என்றாள். இப்போது ஆறாவதாக ஒருவர் வருகிறாராம், அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் வரும்போது கையில் பூட்டோடுதான் வரவேண்டுமா என்று கேட்டாள். முற்றத்தில் சிலர் சிரித்தார்கள். மேற்கடல் வணிகருள் மூத்தவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

பிறகு அவள் சிரிப்பில்லாமல் சொன்னாள். பள்ளி மூடிய நாட்களில் அவள் பிள்ளைகளை அளத்துக்கு அழைத்துப் போகிறாள். தனியே விட்டுவர வீட்டில் ஆளில்லை. அளத்துக் கண்காணி பொதியன், வந்தால் நாள்தோறும் வரட்டும், வராவிட்டால் ஒருநாளும் வரவேண்டாம், பங்குனி முதல்நாளில் இனி வரமாட்டார்கள் என்று உறுதி சொல், அல்லது மூத்தவள் குவளையை ஓராண்டு வேலைக்கு எழுதிக்கொடு, இரண்டும் இல்லையேல் உனக்கும் இங்கே வேலையில்லை என்று கூறிவிட்டான். பள்ளி எல்லா நாளும் திறந்திருக்கும் என்று இவ்வூரில் யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், பிள்ளைகள் இனி ஒருநாளும் அளத்தில் கால்வைக்கமாட்டார்கள் என்று கண்காணியின் முகத்துக்கு நேரே சொல்லித் தன் வேலையை மட்டும் காத்துக்கொள்வாள். யாரும் சொல்லாவிட்டால் மகளின் பெயரை எழுதிக்கொடுப்பாள். இவ்வளவே அவள் கேட்டது.

அரசியார் உங்களைப் பார்த்தார். தலைமையாசிரியர் இந்திரசேனர் மட்டும், சென்ற ஆண்டில் கதவு திறந்த நாட்கள் நூற்று நாற்பத்தெட்டு என்று தாழ்ந்த குரலில் கூறினார். அரசியார் வெள்ளச்சியின் மூத்த மகளை அருகே அழைத்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பதினொரு வயதுக் குவளை கதவுநிலையின் மேல் பாட்டனார் வெட்டுவித்த எழுத்தை அண்ணாந்து பார்த்து, எழுத்துக்கூட்டி, இது எல்லோர்க்குமாகத் திறந்த கதவு என்று படித்தாள். படித்து முடித்துவிட்டுத் தான் ஏதும் பிழையாகப் படித்துவிட்டோமோ என்று ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன்பின் அரசியார் கதவுநிலையில் கையூன்றி, தேர்வீதிப் பக்கம் திரும்பி நின்றார். தேர் வீதியில் திரும்பும் பறையொலி வந்து, நின்று, மீண்டும் வந்தது. அவர் நோய்வாய்ப்பட்டார் என்று சிலர் எண்ணினீர்கள். அவர் தம் தெய்வத்தின் தேரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைப் பருவம் முதல் கேட்டு மகிழ்ந்த அதே ஒலி. அது நிற்கவேண்டும் என்று அவர் விரும்பவில்லை. அதற்காக இந்தக் கதவு ஏன் மூடவேண்டும் என்றுதான் தம்மைத் தாமே வினவினார்.

செய்தி கேட்டு நெடுங்கண்ணனார் தேர்வடத்தை விட்டு ஓடிவந்தார். இடையில் ஈர வேட்டி, உள்ளங்கையில் வடம் உராய்ந்த சிவப்பு. பூட்டைத் திறக்கத் தமக்கு வருத்தமில்லை என்றும், ஆனால் தேர் போகும்போது தம் பேரப்பிள்ளைகள் ஏட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தால் நாளை வடம் பிடிக்க யார் இருப்பார் என்றும் கேட்டுக் கண்கலங்கினார். இந்திரசேனர் வேறொன்றை அஞ்சினார். பூட்டுகள் வருமுன் ஓர் ஆண்டு ஒரு கோயிலார் விழாவுக்கான நெல்லைப் பள்ளியிலேயே குவித்துவைத்து இரண்டு மாதம் எடுக்கவில்லை எனத் தம் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பதாகவும், பூட்டுகள் போனால் அந்நாள் திரும்பும் என்றும் கூறினார். இருவர் சொன்னதும் பொய்யல்ல. ஆகவே அன்று அரசியார், தம் விடை எழுத்தில் வரும் என்று வெள்ளச்சியிடம் மட்டும் கூறிவிட்டுக் கோட்டைக்குத் திரும்பினார். ஆறாவது பூட்டும் அவரோடு திரும்பியது.

கோட்டையில் ஏழு நாள் அமைச்சரவை கூடியது. விழாக்களைக் குறைத்து ஒவ்வொருவருக்கும் இத்தனை நாள் என்று சமமாகப் பகிரலாம் என்றார் ஓர் அமைச்சர். யாருடைய தெய்வத்துக்கு எத்தனை நாள் போதும் என்று அளக்கும் கோல் அரசிடம் இல்லை என்று அரசியார் மறுத்தார். குன்றத்தேவர் தேர்நாள் அரசகுலத்துக்கு உரியது, அதற்கு மட்டும் மூடலாம் என்றார் மற்றொருவர். தம் குலத்துக்கு உரியதென்றால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் தாமே என்றார் அரசியார். அந்தச் சொல்லில்தான் முடிவு பிறந்தது என்று அவையில் இருந்தோர் அறிவர். ஊரார் ஒருவர் தெய்வத்துக்காக மற்றவர் அனைவரும் ஒருநாள் ஓய்ந்திருந்ததில் ஓர் அழகு இருந்தது என்பதை அரசியார் மறுக்கவில்லை. அவ்வழகை இழக்கிறோம் என்று தெரிந்தே இழக்கிறார். பாட்டனாரின் நோக்கம் பிழையானதன்று. ஆனால் கதவு யாருக்கும் தனியுரிமை ஆகிவிடக்கூடாது என்று அஞ்சிய அவர், மூடும் உரிமையை ஐவருக்கும் கொடுத்துவிட்டுத் திறக்கும் கடமையை ஒருவருக்கும் கொடுக்காமல் விட்டார்.

ஆகவே ஆணை இது. இவ்வோலை கிடைத்த நாளிலேயே ஐந்து பூட்டுகளும் கழற்றப்படுக. முதலில் கழற்றப்படுவது குன்றத்தேவர் பூட்டாக இருக்கட்டும். அதை நெடுங்கண்ணனார் தம் கையால் கழற்றவேண்டும் என்று அரசியார் அவரை ஆணையிடாமல் வேண்டிக்கொள்கிறார். இனிக் கதவுக்கு ஒரே பூட்டு. அதன் திறவுகோல்கள் இரண்டும் சமையற்பெண்டிரான பூவையிடமும் நக்கணியிடமும் இருக்கும். ஒருத்தி துறையம்மையையும் மற்றவள் சுடரையும் வழிபடுகிறவள் ஆதலால், ஒருத்திக்கு விழாவென்றால் மற்றவள் உலையேற்றுவாள். பிள்ளைகளின் பசிக்கு விடுமுறை இல்லை என்பதை நம் எல்லோரையும்விட அவர்கள் இருவரும் நன்கு அறிவர்.

எந்தத் திருநாளுக்கும் பள்ளி மூடப்படாது. அரசியின் பிறந்தநாளுக்கும் மூடப்படாது. கடல் ஏறி வந்தாலோ தீப்பற்றினாலோ மட்டும் மூடலாம். அதேபோல், தன் தெய்வத்தின் நாளில் வழிபாட்டுக்குப் போகும் எந்தப் பிள்ளையையும் எந்த ஆசிரியரையும் ஒருவரும் தடுக்கலாகாது. ஏன் வரவில்லை என்று கேட்கவும் கூடாது. அன்று புதுப்பாடம் தொடங்கவோ தேர்வு வைக்கவோ கூடாது; போனவர் திரும்பிவரும்போது அவர் ஏடு விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும். நெடுங்கண்ணனாரின் பேரப்பிள்ளைகள் வடம் பிடிக்கட்டும். அவர்களுக்காக இடம் இருக்கும். பள்ளிக்குள் எந்தக் கோயிலின் நெல்லும் எந்தச் சங்கத்தின் பந்தற்காலும் நுழையலாகாது. நுழைந்தால் இந்திரசேனர் அவைக்கு அல்ல, நேரே கோட்டைக்கு எழுதுக. மேற்கடல் வணிகர்க்குத் தனிப்பூட்டு மறுக்கப்பட்டது. அவர்தம் நோன்புநாட்களுக்கு மற்றவர்க்குள்ள அதே உரிமை இன்று முதல் உண்டு.

இதில் மனக்குறை உள்ளவர் கோட்டைக்கு வந்து நேரில் சொல்லலாம். அரசியார் எவ்வளவு நேரமானாலும் கேட்பார். முடிவை மாற்றமாட்டார்.

இவ்வோலை முதலில் வாசிக்கப்பட வேண்டியது அவையில் அன்று. பங்குனி பிறக்க ஐந்து நாளே இருப்பதால், இதைக் கொண்டுவரும் தூதன் நகரவாயிலில் நில்லாமல் நேரே தெற்கு அளத்துக்குச் செல்க. அங்கே கண்காணி பொதியன் கேட்க, வெள்ளச்சியின் முன் நின்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்க. அதன்பின் குவளையின் பெயர் எந்த ஏட்டிலேனும் எழுதப்படுமாயின், அது பள்ளியின் வருகை ஏடாக மட்டும் இருக்க.

மாசி இருபத்தைந்தாம் நாள், அரசியாரின் வாய்மொழி கேட்டு, அவர் முன் ஒருமுறை படித்துக்காட்டி, அவர் ஒரு சொல்லும் மாற்றாமல் தலையசைத்தபின், கருங்குன்றப் பொறி இடப்பட்டது.